நீர்மலையின் நீரும் நம் இலையின் உணவும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

தொண்டைநாட்டுத் திவ்யதேசங்களுள் நம் தாம்பரம் வட்டாரத்திற்கு மிகவும் அணித்தாக விளங்குவது திருநீர்மலை. அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாளாக நின்ற திருக்கோலத்திலும், மலைமேல் நரசிம்மனாக வீற்றிருந்த திருக்கோலத்திலும், ரங்கநாதனாகக் கிடந்த திருக்கோலத்திலும், உலகளந்த பெருமாளாக நடந்த திருக்கோலத்திலும் எம்பெருமான் ஒரே திவ்யதேசத்தில் நான்கு விதமாக ஸேவை ஸாதிக்கும் பெருமை இதற்கு உண்டு. பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாஸனம் செய்தருளிய தலம் இது.

திருமங்கையாழ்வார் இங்கு எழுந்தருளியபோது மலையைச் சுற்றிலும் நீர் சூழ்ந்து கிடந்தது என்றும், மலையை அணுக வழியில்லாமல் ஆறு திங்கள் காத்திருந்து, நீர் வடிந்த பின்னரே எம்பெருமானை ஸேவித்தார் என்றும், அதனாலேயே இம்மலைக்கு நீர்மலை என்னும் திருநாமம் அமைந்தது என்றும் தலவரலாறு கூறுகின்றது. திவ்யதேச யாத்திரையிலேயே வாழ்நாளைக் கழித்த அம்மஹான் ஆறு திங்கள் ஓரிடத்தில் தங்க நேர்ந்ததென்றால், இந்நிலம் எத்தகைய நீர்வளம் உடையதாக இருந்திருக்க வேண்டும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், முடிச்சூர், பீர்க்கன்கரணை, இரும்புலியூர், சேலையூர், இராசகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் என நம் ஊர்ப்பெயர்களைச் சொல்லும்போதே ஒவ்வோர் ஊருக்கும் ஓர் ஏரி நினைவுக்கு வரும். மழைக்காலத்து நீரைத் தேக்கி, மிகுந்ததை அடுத்த ஏரிக்கு அனுப்பி, இறுதியில் மேற்கே அடையாற்றிலும் கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பிலும் சேர்க்கும் அமைப்பை நம் முன்னோர் ஏற்படுத்தி வைத்தனர்.

அந்த நீர் இன்று எந்நிலையில் உள்ளது என்பதும், அந்நிலைக்கும் நாம் உண்ணும் உணவுக்கும் உள்ள தொடர்பு யாது என்பதும் இக்கட்டுரையின் பொருள். புலால் உணவைக் குறைத்துக்கொள்வதை ஆசார விஷயமாக மட்டும் பார்ப்பது வழக்கம். அது நீருக்கும் நிலத்துக்கும் பிற உயிர்களுக்கும் நாம் செய்யும் கைங்கர்யமும் ஆகும் என்பதை ஆஸ்திக அன்பர்களின் சிந்தனைக்கு விண்ணப்பிப்பதே அடியேனுடைய நோக்கம்.

நாகல்கேணி சொல்லும் பாடம்

இதற்குத் தொலைவில் உதாரணம் தேட வேண்டியதில்லை. நம் குரோம்பேட்டையின் பெயரே போதும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரத்தை அடுத்து நிறுவிய ‘குரோம் லெதர் கம்பெனி’ என்னும் தோல் தொழிற்சாலையால் வந்த பெயர் அது. குரோமியம் என்னும் உலோகத்தின் உப்பைக்கொண்டு தோலைப் பதனிடும் முறை அப்போது நம் நாட்டுக்குப் புதிது. அதற்கு முன்னர் நம்மவர் ஆவாரம்பட்டையை ஊறவைத்த நீரில் தோலைப் பல வாரங்கள் கிடத்திப் பதனிட்டு வந்தனர். குரோமிய உப்போ அவ்வேலையைச் சில நாட்களிலேயே முடித்துவிடும். தோல் மென்மையாகவும் உறுதியாகவும் அமைந்தது. வெளிநாட்டுச் சந்தையில் நல்ல விலையும் கிடைத்தது. குரோம்பேட்டை, நாகல்கேணி, பம்மல் பகுதிகளில் தோல் பதனிடும் தொழில் பெருகிற்று. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழில் அது என்பதை மறுக்க இயலாது.

ஆயினும் அத்தொழில் நடைபெறும் முறையைச் சற்றே அறிந்துகொள்ள வேண்டும். அறுக்கப்பட்ட விலங்கின் தோல் அழுகாமல் இருக்க அதன்மீது கல்லுப்பைத் திணிக்கின்றனர். தொழிற்சாலைக்கு வந்ததும் நீரில் ஊறவைத்து அவ்வுப்பைக் கழுவுகின்றனர். பின்னர்ச் சுண்ணாம்பு நீரில் இட்டு உரோமத்தை நீக்கி, கொழுப்பையும் சதையையும் சுரண்டி, அமிலத்தில் நனைத்து, அதன்பின் குரோமிய உப்பில் இடுகின்றனர். ஒவ்வொரு படியிலும் தோல் நீரைக் கேட்கின்றது. ஒவ்வொரு படியிலும் நீர் கழிவாகி வெளியேறுகின்றது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகும் என்றும், இத்தொழிலில் அமிலங்கள் உள்ளிட்டு 170க்கும் மேற்பட்ட இரசாயனப் பொருள்கள் கையாளப்படுகின்றன என்றும் பின்னர் உச்சநீதிமன்றத் தீர்ப்பிலேயே குறிக்கப்பட்டது.

வெளியேறிய அந்நீர் எங்கே சென்றது? கால்வாயிலும் ஏரியிலும் சென்று தேங்கிற்று. அங்கிருந்து மண்ணுக்குள் இறங்கிற்று. கேணி என்பதைத் தன் பெயரிலேயே தாங்கிய நாகல்கேணியைச் சுற்றிலும் கிணற்றுநீர் உப்பாயிற்று, நிறம் மாறிற்று. அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குரோம்பேட்டைப் பகுதியின் நிலத்தடி நீரை ஆராய்ந்து, குடிநீருக்குரிய வரம்பை மீறிய குரோமியம் அதில் கலந்திருப்பதை எடுத்துக்காட்டியுள்ளனர். கிணறு வைத்திருந்தவர்கள் நீரை விலைக்கு வாங்கும் நிலைக்கு வந்தனர்.

இது நம் ஊரோடு நின்ற துன்பமும் அன்று. பாலாற்றங்கரையிலும் திண்டுக்கல்லிலும் ஈரோட்டிலும் திருச்சியிலும் இதே நிலை. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைகள் மிகுந்த பகுதியில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிர் செய்யத் தகுதியற்றதாகிவிட்டது என்ற கணக்கும், திண்டுக்கல் பகுதியின் 13 கிராமங்களில் ஆராயப்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயின என்ற கணக்கும் அத்தீர்ப்பில் இடம்பெற்றுள்ளன. கேடு விளைவித்தவனே அதனைச் சீர்செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறியும், கேடு உறுதியாகும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்னும் நெறியும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு உறுதிசெய்தது. ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அவ்வைந்தில் ஒன்று, அந்நாளில் தாம்பரமும் பல்லாவரமும் அடங்கியிருந்த செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். 1990களில் பல்லாவரத்திலும் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது. ஆயினும் மண்ணுக்குள் இறங்கிய உப்பும் உலோகமும் தீர்ப்பு வந்த நாளிலேயே வெளியேறிவிடுவதில்லை. கேணியைக் கெடுக்க ஒரு தலைமுறை போதும். அதனை மீட்கவோ பல தலைமுறைகள் வேண்டும்.

‘இது தோலின் குற்றம், இறைச்சியின் குற்றம் அன்றே’ என்று கேட்போர் உண்டு. இரண்டும் ஒரே உயிரின் இரண்டு விலைகள். இறைச்சிக்கு விலை இருப்பதால் தோல் மலிவாகக் கிடைக்கின்றது; தோலுக்கு விலை இருப்பதால் அறுப்புத் தொழிலுக்கு வருவாய் கூடுகின்றது. ஒன்றைக் கொள்பவன் மற்றொன்றின் கேட்டில் தனக்குப் பங்கில்லை என்று கூறுவதற்கில்லை. வாங்குவோர் இல்லையேல் விற்போரும் இல்லை என்னும் கருத்தைத் திருவள்ளுவர் புலால் மறுத்தல் என்னும் இருபத்தாறாம் அதிகாரத்திலேயே வைத்துச் சென்றார்.

ஒரு பிடி உணவுக்கு எத்தனை குடம் நீர்

இனி இறைச்சியையே எடுத்துக்கொள்வோம். ஒரு பொருளை விளைவிக்க முதலிலிருந்து முடிவுவரை செலவாகும் நீரைக் கணக்கிடும் முறை ஒன்றை அறிஞர்கள் வகுத்துள்ளனர். நெதர்லாந்து நாட்டின் ட்வென்டே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெகோனன், ஹூக்ஸ்ட்ரா என்னும் இருவர் 2012ஆம் ஆண்டு வெளியிட்ட உலகளாவிய சராசரிக் கணக்கின்படி, ஒரு கிலோ மாட்டிறைச்சிக்கு 15,400 லிட்டரும், ஆட்டிறைச்சிக்கு 8,700 லிட்டரும், கோழி இறைச்சிக்கு 4,300 லிட்டரும் நீர் செலவாகின்றது. தானியத்திற்கு 1,600 லிட்டர். காய்கறிக்கு 300 லிட்டர் அளவே. பதினைந்து லிட்டர் கொள்ளும் குடத்தால் அளந்தால், ஒரு கிலோ ஆட்டிறைச்சிக்குப் பின்னால் 580 குடம் நீர் நிற்கின்றது.

பருப்பு வகைகளுக்கும் ஒரு கிலோவுக்கு 4,000 லிட்டர் ஆகின்றதே, கோழிக்கும் அதற்கும் வேறுபாடு இல்லையே என்று ஐயுறலாம். உடலுக்கு வேண்டுவது எடை அன்று, அதிலுள்ள புரதச் சத்தே ஆகும். ஒரு கிராம் புரதத்திற்குக் கணக்கிட்டால், பருப்புக்கு 19 லிட்டர், முட்டைக்கு 29, பாலுக்கு 31, கோழிக்கு 34, ஆட்டிறைச்சிக்கு 63, மாட்டிறைச்சிக்கு 112 லிட்டர் என்று அதே அறிஞர்கள் காட்டுகின்றனர். மேலும் பருப்புச் செடிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தம் வேர்முடிச்சுகளின் வழியே மண்ணில் சேர்க்கின்றன. அடுத்த பயிருக்கு உரத்தேவை குறைகின்றது. நம் சன்னிதிகளில் விநியோகமாகும் சுண்டல் பிரசாதத்தை எளிய பண்டம் என்று நினைக்கிறோம். நீரை மிகக் குறைவாகக் கேட்டு உடலை நன்கு வளர்க்கும் உணவு அதுவே.

இக்கணக்கை நடுநிலையோடு புரிந்துகொள்ளவும் வேண்டும். மேற்கூறிய நீரில் பெரும்பகுதி புல்லின்மீதும் பயிரின்மீதும் பெய்த மழைநீரே. குழாயில் வந்த நீர் அன்று. தரிசு நிலத்தில் மேய்ந்து வரும் வெள்ளாட்டையும், பண்ணைத் தொழுவில் தானியம் தின்று வளரும் விலங்கையும் ஒரே தட்டில் வைத்தல் நியாயம் ஆகாது. ஆனால் நகரத்தார் இன்று மிகுதியாக உண்பது தரிசில் மேய்ந்த ஆட்டை அன்று. கூண்டிலும் கொட்டகையிலும் வளர்ந்த கோழியையே. அதற்குத் தீனி மக்காச்சோளமும் சோயாவும். பெரம்பலூர் முதலிய மாவட்டங்களில் மானாவாரி நிலம் பரந்த அளவில் மக்காச்சோளத்திற்கு மாறியது மனிதன் உண்பதற்காக அன்று. கம்பும் வரகும் துவரையும் விளைந்த மண்ணில் கோழித்தீனி விளைகின்றது. நிலத்தில் விளைந்ததை நேரே உண்ணாமல், ஒரு விலங்குக்கு ஊட்டி, அவ்விலங்கு மூச்சுவிட்டும் நடமாடியும் செலவழித்தது போக எஞ்சியதை உண்பது வரவைவிடச் செலவு மிகுந்த வழி என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. உலக விளைநிலத்தில் 83 விழுக்காடு விலங்குணவுக்காகப் பயன்படுகின்றது என்றும், அதிலிருந்து மனிதன் பெறும் உணவாற்றல் 18 விழுக்காடே என்றும் பூர், நெமெசெக் என்னும் அறிஞர்கள் 2018இல் கணக்கிட்டுக் காட்டினர்.

வாயுமண்டலத்தின் கணக்கும் உண்டு. ஆடு, மாடு, எருமை முதலிய அசைபோடும் விலங்குகளின் இரைப்பையில் மீத்தேன் என்னும் வாயு உண்டாகின்றது. நூறாண்டுக் கணக்கில் இது கரியமில வாயுவைவிட இருபத்தேழு மடங்குக்குக் குறையாமல் வெப்பத்தைத் தடுத்து நிறுத்த வல்லது. மனிதர் செயலால் உலகை வெப்பமாக்கும் வாயுக்களில் 14.5 விழுக்காடு கால்நடை வளர்ப்பால் வருகின்றது என ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2013இல் மதிப்பிட்டது; 2023இல் வெளிவந்த அதன் புதிய மதிப்பீடு 12 விழுக்காடு அளவில் நிற்கின்றது. கணக்கு கூடினும் குறையினும் அது சிறிய பங்கன்று. 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செண்டிமீட்டர் மழை கொட்டி, முடிச்சூரும் வரதராசபுரமும் வெள்ளக்காடாயின. நான்கே ஆண்டுகளில், 2019இல், ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் கொண்டுவரும் நிலை சென்னைக்கு நேர்ந்தது. ஒரு மழையையோ ஒரு வறட்சியையோ ஒரே காரணத்தோடு கட்டிவிடல் முறையன்று. ஆயினும் பருவங்கள் நிலைதடுமாறும் காலத்தில், அத்தடுமாற்றத்திற்கு நம் பங்கு எவ்வளவு என்று கேட்டுக்கொள்வது நம் கடமை.

உடையவர் காட்டிய மூவகை விவேகம்

நமக்கு அண்மையிலுள்ள ஸ்ரீபெரும்புதூரில் 1017ஆம் ஆண்டு திருவவதாரம் செய்தருளிய எம்பெருமானார், தம் ஸ்ரீபாஷ்யத்தில் பக்தியோகத்திற்கு உறுப்பான ஏழு ஸாதனங்களை வாக்யகாரரை அடியொற்றி எடுத்துரைக்கிறார். அவற்றுள் முதலாவது விவேகம். அது உணவினால் வரும் உடல் தூய்மை. உணவுக்கு மூன்று வகையால் தோஷம் வரும் என்பது சாஸ்திரம். அப்பொருளின் இயல்பால் வருவது ஜாதி தோஷம். அது யாரிடமிருந்து வந்தது என்பதால் வருவது ஆச்ரய தோஷம். மயிர் முதலியன விழுதல் போன்ற இடைநிகழ்ச்சியால் வருவது நிமித்த தோஷம்.

ஆசாரியன் இவற்றை அருளியது ஸாதகனுடைய உடல், மனத் தூய்மையைக் கருதியே. இக்காலத்துச் செய்திகளுக்கு அவ்வகைப்பாட்டை ஓர் அளவுகோலாகக் கொண்டு பார்ப்பது அடியேனுடைய சிற்றறிவுக்கு எட்டிய முயற்சி மட்டுமே.

பொருளின் இயல்பால் அது எவ்வளவு நீரையும் நிலத்தையும் விழுங்குகின்றது என்று பார்ப்பது முதல் விவேகம். அதனை மேலே கண்டோம்.

அது எவ்விடத்திலிருந்து, எவ்வுயிருக்குத் தீங்கு செய்து வந்தது என்று பார்ப்பது இரண்டாவது. கடல்மீனை எடுத்துக்கொள்வோம். நம் கீழைக்கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கலாகாது என்னும் தடை ஒவ்வோர் ஆண்டும் நடைமுறையில் உள்ளது. மீனினம் பெருகுவதற்காக ஏற்பட்டது இது. ஆயினும் தடையில்லாத காலத்தில் கடலடியை வாரிச் செல்லும் மடிவலையில் விற்பனைக்காகாத சிறு மீனும் குஞ்சும் சேர்ந்தே வருகின்றன. அவை உலர்த்தப்பட்டுக் கோழித்தீனிக்குச் செல்வதும் உண்டு. முட்டையிடக் கரைக்கு வரும் பங்குனி ஆமைகளும் வலையில் சிக்கி மூச்சுமுட்டி மடிகின்றன. 2025ஆம் ஆண்டு ஜனவரியில் நம் சென்னை, செங்கற்பட்டுக் கடற்கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. கூர்மாவதாரத்தைக் கைகூப்பி வணங்கும் நமக்கு அச்செய்தி வெறும் செய்தியாக இருத்தல் கூடுமோ?

உணவு விளையும் வழியில் இடையே என்ன நேர்ந்தது என்று பார்ப்பது மூன்றாவது. ஜடாயு மஹாராஜரைப் பெரியவுடையார் என்று நம் ஸம்ப்ரதாயம் கொண்டாடுகின்றது. தந்தைக்குச் செய்ய வாய்க்காத ஈமக்கடனைச் சக்கரவர்த்தித் திருமகன் அவருக்குச் செய்தருளினார். அக்கழுகின் குலத்திற்கு நம் காலத்தில் நேர்ந்தது யாது? கால்நடைகளின் வலிக்குக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபெனாக் என்னும் மருந்து, இறந்த மாடுகளை உண்ட பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1990களிலிருந்து பதினைந்து ஆண்டுகளுக்குள் மூன்று இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கும் மேல் அழிந்தன. 2006இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்குக் கொடுப்பதை அரசு தடை செய்தது. அவ்வாறே, மனிதனுக்குக் கடைசிப் புகலாக வைத்திருந்த கொலிஸ்டின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி, கோழிகள் விரைந்து கொழுப்பதற்காகத் தீனியில் கலக்கப்பட்டு வந்தது. கிருமிகள் அதற்குப் பழகிவிட்டால் நோயாளிக்கு வேறு மருந்தில்லை என்பதனால் 2019ஆம் ஆண்டு ஜூலையில் அதுவும் தடை செய்யப்பட்டது. மலிவாகக் கிடைக்கும் இறைச்சியின் விலையில் சேராத செலவுகள் இவை.

நம் வீதியிலேயே காணும் நிமித்தமும் ஒன்றுண்டு. உயிர்க்கோழியின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இறகும் குடலுமாகக் கழிகின்றது. அக்கழிவை இரவோடிரவாக ஏரிக்கரையிலும் அடையாற்றங்கரையிலும் கொட்டிச் செல்வோர் உளர். நீர் நாறுவதும் நாய்கள் பெருகுவதும் போதாவென்று பருந்தும் காக்கையும் கூடுகின்றன. ஒருபுறம் மீனம்பாக்கம் விமான நிலையமும் மறுபுறம் தாம்பரம் விமானப்படைத் தளமும் உள்ள நம் பகுதியில் பறவைக்கூட்டம் விமானத்திற்கே ஆபத்து. பறவைகளை ஈர்க்கும்படி விமானத்தளத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் விலங்கை அறுப்பதும் கழிவைக் கொட்டுவதும் கூடாது என்று 1937ஆம் ஆண்டின் விமான விதிகளிலேயே விதிக்கப்பட்டது இதனால்தான்.

மரக்கறி உண்போருக்கு ஒரு விண்ணப்பம்

இதுவரை படித்து வந்த அன்பர்களில் பலர், ‘நாம்தான் புலால் உண்பதில்லையே, இதெல்லாம் பிறருக்குச் சொல்லப்பட்டது’ என்று மனநிறைவு கொண்டிருக்கலாம். அம்மனநிறைவுக்கு இடமில்லை.

நம் இல்லங்களில் பாலும் தயிரும் நெய்யும் இல்லாத நாள் இல்லை. நம் நாடு உலகிலேயே மிகுதியான பால் உற்பத்தி செய்யும் நாடு. 2023-24இல் அவ்வுற்பத்தி 239 மில்லியன் டன். பசுவோ எருமையோ கன்றீன்றால்தான் பால் சுரக்கும். ஈனும் கன்றுகளில் ஏறத்தாழப் பாதி ஆண். உழவுக்கும் வண்டிக்கும் இயந்திரம் வந்துவிட்ட பின் அவ்வாண் கன்றை வளர்ப்பவர் யார்? பால் வற்றிய எருமைக்குத் தீவனம் இடுபவர் யார்? ஏழை உழவரால் இயலாது, ஆகவே விற்கிறார். எருமை இறைச்சி ஏற்றுமதியில் நம் நாடு முன்னணியில் நிற்பதற்கும் நாம் பருகும் காப்பிக்கும் தொடர்பில்லை என்று கூற முடியாது. அவ்விலங்கின் தோலே காலணியாகவும் பணப்பையாகவும் நம்மிடம் திரும்பி வருகின்றது. திருவீதிப் புறப்பாட்டில் முழங்கும் தவிலும் தோலினால் ஆனதே. ஆகவே குற்றம் முழுவதையும் புலால் உண்போர்மேல் சுமத்திவிட்டு விலகி நிற்பதற்கு நமக்கு உரிமை இல்லை.

இதன் பொருள் பாலை அறவே ஒழிக்க வேண்டும் என்பதன்று. கண்ணபிரான் ஆயர்பாடியில் வளர்ந்த வரலாற்றைக் கொண்டாடும் நமக்குப் பாலின் அருமை தெரியும். அருமை தெரிந்த பொருளை வீணாக்கலாகாது என்பதே கருத்து. திருமஞ்சனத்திற்கும் தளிகைக்கும் வேண்டிய அளவை மட்டும் ஸமர்ப்பித்தல், கறவைப் பசுவை மட்டுமே தானம் செய்யாமல் வற்றிய பசுவுக்கும் ஆண் கன்றுக்கும் ஆயுள்வரை தீவனச் செலவை ஏற்றல், தோற்பொருளைத் தவிர்த்து மாற்றுப்பொருளை நாடுதல் ஆகிய இவை நாமே தொடங்கக் கூடியவை.

குகப்பெருமாள் கொணர்ந்த காணிக்கை

மற்றொன்றும் கூற வேண்டும். உணவைக் காரணமாகக் கொண்டு எவரையும் இழிவாக நோக்குவது வைஷ்ணவ லக்ஷணம் அன்று. கம்பநாட்டாழ்வாரின் இராமகாதையில் குகப்பெருமாள் தேனையும் மீனையும் கொணர்ந்து நிற்க, அன்பினால் வந்த அக்காணிக்கையைப் பெருமாள் புன்முறுவலோடு பாராட்டி, அவனைத் தம்பியருள் ஒருவனாகவே ஏற்றுக்கொள்கிறார். திருப்பாணாழ்வாரையும் நம்பாடுவானையும் கொண்டாடும் ஸம்ப்ரதாயம் நம்முடையது. இரு வேளை கஞ்சியோடு ஒரு முட்டையோ கருவாடோ கிடைப்பதே சத்தாக உள்ள ஏழைக் குழந்தையின் தட்டைப் பார்த்து நாம் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. ஆடு நான்கு வைத்துப் பிழைக்கும் விதவைத் தாயின் வாழ்வும் நம் கருத்தில் இருத்தல் வேண்டும். குறைத்துக்கொள்ளுங்கள் என்னும் வேண்டுகோள், குறைத்தாலும் குறைவில்லாமல் உண்ணக்கூடிய நம்போன்றோருக்கே உரியது.

புரட்டாசியை நீட்டிக் கொள்வோம்

இவ்வகையில் நம் தமிழ்நாட்டு மக்களுக்குப் புதிதாக ஒன்றும் கற்பிக்க வேண்டியதில்லை. புரட்டாசித் திங்களில் திருவேங்கடமுடையானை நினைந்து, ஆண்டு முழுதும் புலால் உண்ணும் குடும்பங்களும் அதனை விலக்கி நோன்பிருப்பதும், இறைச்சிக் கடைகளிலும் மீன் அங்காடிகளிலும் விற்பனை சரிவதும் நாம் ஆண்டுதோறும் காணும் காட்சி. யாருடைய கட்டாயமும் இல்லாமல், அபராதமும் தீர்ப்பும் இல்லாமல், பக்தி ஒன்றினாலேயே பல இலட்சம் அடுப்புகளில் இம்மாற்றம் ஒரு திங்கள் முழுவதும் நிகழ்கின்றது. உலக நாடுகள் வாரத்தில் ஒரு நாளேனும் புலால் இல்லாமல் இருக்கப் பிரசாரம் செய்துவரும் வேளையில், அதனைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் ஸமூகம் நம்முடையது.

இவ்வழக்கத்தைச் சற்றே நீட்டினால் என்ன ஆகும் என்று கணக்கிடுவோம். புரட்டாசி நாட்கள் 31. மற்ற மாதங்களின் சனிக்கிழமைகள் ஏறத்தாழ 48. திங்களுக்கு இரண்டாக வரும் ஏகாதசிகளில், புரட்டாசியிலும் சனிக்கிழமையிலும் வருவன போக, எஞ்சியவை 19 அளவில் நிற்கும். மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ நூறு நாட்கள். இவற்றோடு மார்கழியையும் சேர்த்துக்கொண்டால் 120 நாட்களுக்கு மேலாகும். அதாவது ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு. வாரம் ஒரு கிலோ ஆட்டிறைச்சி வாங்கும் இல்லம் அதனை மூன்றில் ஒரு பங்கு குறைத்தால், ஆண்டுக்குப் பதினேழு கிலோவுக்கு மேல் குறையும். மேற்சொன்ன கணக்கின்படி அது ஒன்றரை லட்சம் லிட்டர் நீருக்கு அணித்தாகும். பன்னிரண்டாயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரியால் அளந்தால் பன்னிரண்டு லாரிகள். ஒரே ஓர் இல்லத்தின் கணக்கு இது.

விலக்கிய நாட்களில் இலை வெறுமையாகிவிடக் கூடாது என்பதும் முக்கியம். புலாலை விலக்கிவிட்டு வெள்ளைச் சோற்றையும் உருளைக்கிழங்கையும் மட்டும் உண்டால் உடல் தளரும், நோன்பு நிலைக்காது. கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, மொச்சை, பாசிப்பயறு, கொள்ளு, வேர்க்கடலை, எள் ஆகியவற்றை நாள்தோறும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அரிசியோடு பருப்பு சேர்ந்தால் ஒன்றில் குறைந்த புரதக்கூறு மற்றொன்றால் நிறைகின்றது. மடைப்பள்ளியில் வெண்பொங்கலும் கதம்பமும் பருப்பும் அரிசியும் கலந்தே அமைந்திருப்பதில் உடல்நலம் அடங்கியுள்ளது. கம்பு, கேழ்வரகு, வரகு, தினை ஆகியன நெல்லைக் காட்டிலும் குறைந்த நீரில் விளைவன. வாரம் இரு நாள் அவையும் இலைக்கு வரலாம். விலங்குணவை அறவே விலக்குவோர் பி-12 என்னும் உயிர்ச்சத்துக் குறையாமல் மருத்துவரைக் கேட்டு நடத்தல் நலம்.

திருக்கோயில் அளவிலும் செய்யத்தக்கன உள. ததீயாராதனையில் சுண்டலுக்கும் பயறுக்கும் முன்னிடம் அளித்தல், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஸேவைக்கு வரும் புதிய அன்பர்களுக்கு இக்கருத்தை அன்போடு எடுத்துரைத்தல், ஏரிக்கரையில் கழிவு கொட்டுவதைக் கண்டால் 2021 முதல் நம் ஊர்களை ஒருங்கே ஆளும் தாம்பரம் மாநகராட்சிக்கு உடனே தெரிவித்தல், திருக்குளத்தையும் அதற்கு நீர் வரும் வழியையும் தூய்மையாகக் காத்தல் ஆகியவற்றை ஒவ்வொரு பக்த ஸபையும் ஏற்றுக்கொள்ளலாம்.

உலகம் யாவும் எம்பெருமானுக்குச் சரீரம்; அவனே அதற்கு ஆத்மா என்பது விசிஷ்டாத்வைதத்தின் உயிர்நிலையான கொள்கை. நீரும் மண்ணும் காற்றும் அவன் திருமேனி என்று ஸ்தோத்திரத்தில் கூறிவிட்டு, நாகல்கேணியின் கிணற்றையும் அடையாற்றின் நீரையும் கெடுக்கும் வழியில் வாழ்வது கொள்கைக்கும் நடத்தைக்கும் பொருந்தாது. ஆழ்வாரை ஆறு திங்கள் காத்திருக்க வைத்த நீர் இம்மண்ணில் மீண்டும் தெளிந்து நிற்க வேண்டுமாயின், அதற்கு அரசும் நீதிமன்றமும் செய்வன ஒருபுறம் இருக்க, நாள்தோறும் இலை போடும்போது நாம் செய்யும் விவேகமும் வேண்டும். இவ்வுற்சவத்தில் எழுந்தருளி நமக்குக் காட்சி தரும் எம்பெருமான், அவ்விவேகத்தை நம் அனைவருக்கும் அருள்வானாக.

அடியேன்,
ராமாநுஜ தாஸன்